பையனுக்குத்தான் என்று சொன்னவர்

எட்டு மாதங்களாக அந்த வீட்டில் ‘கேம்’ என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மகனைக் கல்லூரியிலிருந்து அனுப்பிவிட்டதும், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவன் இரவு பகலாக ஆடிய ஆட்டம்தான் அதற்குக் காரணம் என்று தெரிந்ததும், வாரம் ஒரு நாள் ஆலோசகரிடம் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்ததும் வாராவாரம் நம்மோடு வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்கு இவ்வளவு போதும்: அவனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் ஆறு மாதமாகப் பயிற்சியில் இருக்கிறான். திங்கட்கிழமை நிரந்தர வேலைக்கான கடிதம் கைக்கு வரவேண்டும். அம்மா டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். அப்பா கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

அந்த வேலைகூட அம்மா வாங்கிக் கொடுத்ததுதான். லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசரின் அக்கா, அம்மாவின் வார்டுக்கு வாரம் மூன்று நாள் வருகிறவர். அவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லித்தான் அம்மா கேட்டாள். அக்கா சொல்லி, சூப்பர்வைசரும் யோசித்து ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை மகனுக்கு விடுமுறை. காலை பதினொரு மணிக்கு அவனைக் கடைக்கு வரச்சொன்னார் அப்பா. கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்றார். வருகிறவர்களின் முகத்தைப் படமெடுத்து, திரையிலேயே ஒவ்வொரு பிரேமாக மாட்டிக் காட்டும் சாஃப்ட்வேர் வந்திருக்கிறதாம். அதற்குக் கொஞ்சம் நல்ல கார்டு போட்ட மெஷினாக இருக்கவேண்டுமாம். இதைச் சொல்லிமுடிக்கும்வரை, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த மேஜைக் கண்ணாடியை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

மகன் தயங்கினான். இந்த மாதிரி மெஷின் பக்கமே ஒரு வருஷத்துக்குப் போகவேண்டாம் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது அப்பாவும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். தெரிந்தேதான் இப்போது கேட்டார்.

பார்வை அளவு குறிக்கும் அட்டை ஒன்றைத் திருப்பிப்போட்டு மகன் எழுத ஆரம்பித்தான். நாலு வரி எழுதுவதற்குள் ஆளே மாறிவிட்டான். சாப்பிட்டியா, எங்கே போறே, எப்ப வருவே என்பதைத் தவிர எட்டு மாதமாக அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி ஒருவர் வந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

கையிலிருக்கிற தொகையில் பாதியைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கே ஒதுக்கவேண்டும் என்றான். பிராசஸர் ஆறு கோர் போதும், அதற்கு மேலே போவது வீண். மெமரியை ஒரே துண்டாக வாங்காமல் எட்டெட்டு ஜிபியாக இரண்டு வாங்கவேண்டும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது, அது போனால் மற்றதையும் இழுத்துக்கொண்டுதான் போகும். கலர் கலராக விளக்கு எரிகிற கேபினெட் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் வலைபோட்டு, உள்ளே காற்று நன்றாகப் போகிறமாதிரி இருந்தால் சரி.

“மானிட்டரைக் கடைசியாப் பார்ப்போம்ப்பா. கார்டு எவ்வளவு தாங்குமோ அதுக்கு ஏத்ததுதான் வாங்கணும். உங்க சாஃப்ட்வேருக்குப் படம் மாறுற வேகம் அறுபது ஹெர்ட்ஸ் போதும்ல?”

“நூத்தி அறுபத்தஞ்சாவது இருக்கட்டும்டா. அறுபதுல வேகமாத் திரும்பினா படம் கலங்குது.”

மகனின் பேனா நின்றது.

“பிரேம் மாட்டிப் பார்க்க வர்றவங்க எதுக்குப்பா அவ்வளவு வேகமாத் திரும்பப்போறாங்க?”

அப்பா துணியை மடித்து வைத்தார். ஐம்பத்தொரு வயதில் காது மடல்வரை சூடேறுவது அவருக்கே புதிதாக இருந்தது.

பிறகு சொன்னார். உடைத்துப் போட்டுவிடுங்கள் என்று அம்மா அவர் கையில் கொடுத்த மகனின் பழைய லேப்டாப்பை அவர் உடைக்கவில்லை. கடையின் பின்னறையில் லென்ஸ் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருந்தார். என் பிள்ளையை இப்படிப் பிடித்துவைத்தது என்னதான் என்று பார்க்க ஒரு நாள் திறந்தார். அந்த ஒரு நாள் ஏழு மாதமாகிவிட்டது. பகல் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை கடைக்கு ஆள் வராது. அந்த நேரம் முழுக்க அதில்தான் போயிற்று.

ஆட்டத்தில் அவர் சண்டை போடுவதில்லை. அடிபட்டு விழுகிறவர்களைக் குணப்படுத்தி எழுப்பிவிடும் வேலை அவருடையது. முகம் தெரியாத நாலு பேர் அவரை டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் அப்படிக் கூப்பிட்டால், “நான் டாக்டர் இல்லீங்க, கண்ணாடி போடுறவன்” என்று திருத்துவது அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். அங்கே அவர் யாரையும் திருத்தவில்லை.

இரண்டு வாரம் முன்பு லேப்டாப்பின் காற்றாடி நின்று, சூடேறி, ஒரேயடியாக அணைந்துபோயிற்று. அதிலிருந்து பகல் இரண்டு மணி ஆனால் அவருக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.

 அம்மாவுக்குத் தெரியுமா என்று மட்டும் மகன் கேட்டான். தெரியாது என்றார். அவன் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

“வாங்க, போலாம். நீங்களாப் போனா தலையில கட்டிடுவாங்க.”

கம்ப்யூட்டர் கடை இரண்டாவது மாடியில் இருந்தது. ஏப்ரன் பையில் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்த ஓர் இளம்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். நல்லா யோசிச்சுப் போட்டிருக்கீங்களே என்று பாராட்டிவிட்டு, யாருக்கு சார் என்றாள்.

“பையனுக்கு” என்றார் அப்பா.

பதில் யோசிக்காமலே வந்துவிட்டது. மகன் திரும்பி அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அதனால் அது பெரிய தப்பாக அவருக்குத் தோன்றவில்லை.

கார்டைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் காட்டிய மூன்றில் இரண்டை மகன் கையிலேயே எடுக்கவில்லை. மூன்றாவதின் நீளத்தைக் கேட்டு, கேபினெட்டின் உள் அளவைக் கேட்டு, தலையை ஆட்டினான். மானிட்டர் பக்கம் வந்தபோதுதான் அப்பாவின் முறை வந்தது.

வளைந்த, பளபளக்கும் திரை ஒன்றை அவள் முதலில் காட்டினாள். அப்பா குனிந்து, நிமிர்ந்து, ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தார். பின்னாலிருக்கிற ட்யூப் லைட்டே இதில் தெரிகிறதே, ஒரு மணி நேரத்தில் கண் பூத்துப்போகும் என்றார். அடுத்ததில் ஒளியைக் குறைக்கச் சொல்லி, திரைக்கு முன்னால் விரல்களை விரித்து ஆட்டிப் பார்த்தார். விரல் விட்டுவிட்டுத் தெரிந்தது. இது ஓயாமல் மினுக்குகிறது என்று ஒதுக்கினார். கடைப்பெண் சுவாரசியமாகப் பார்க்க ஆரம்பித்தாள். இருபத்தேழு அங்குலத்தில் பளபளப்பில்லாத திரை ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. நல்ல துல்லியம். இதைக் கார்டு தாங்கும் என்று மகனும் சொன்னான்.

“ஸ்டாண்ட் இன்னும் கீழே இறங்குமாம்மா? கண்ணாடியில எழுத்துப் பார்க்கிற பவர், லென்ஸோட அடியில இருக்கும். திரை உசரத்துல இருந்தா தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்கும்.”

அவள் மகனின் கண்ணாடி இல்லாத முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் போட்டிருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

“மெஷின் தம்பிக்குன்னுதானே சொன்னீங்க?”

“அவனுக்குத்தான். எப்படியும் அவனும் ஒரு நாள் கண்ணாடி போடத்தானே போறான்” என்றார்.

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான சமாளிப்பு என்று அவருக்குப் புரிந்தது. மகன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பெட்டிகளைக் கவுன்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கிராஃபிக்ஸ் கார்டின் பெட்டி. அதை மகன் கையில் எடுத்து அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் உள்ளே வந்தார். பிரின்டருக்கு மை வாங்க வந்தவர்.

அவர் முதலில் மகனைப் பார்த்தார். பிறகு அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். கேட்கவேண்டியதை அவர் கேட்பதற்குள் கடைப்பெண் உற்சாகமாகச் சொல்லிவிட்டாள், தம்பிக்கு அப்பா கேமிங் செட் வாங்கித் தருகிறார் என்று.

சூப்பர்வைசர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

“பையனுக்கா சார்?”

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை அவர் தொண்டைவரை வந்தது. ஆனால் கடைப்பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பவர் லென்ஸ், கழுத்துவலி என்றெல்லாம் பேசிவிட்டு, பையனுக்குத்தான் என்று இரண்டு தடவை அவளிடம் சாதித்திருந்தார். உண்மையைச் சொன்னால், ஐம்பத்தொரு வயதில் விளையாடுவதற்குப் பொம்மை வாங்க வந்து, அதையும் பிள்ளை தலையில் கட்டிய ஆள் என்று இரண்டு பேர் முன்னால் நிற்கவேண்டும்.

“ஆமா சார். பையனுக்குத்தான்” என்றார்.

மகன் பெட்டியைக் கவுன்டரில் வைத்தான். அவன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. சூப்பர்வைசர் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று அவனைக் கேட்டார். பத்து மணிக்கு சார் என்றான். அவர் மையை வாங்கிக்கொண்டார். போகும்போது, திங்கட்கிழமை பேசிக்கலாம் என்றார்.

கீழே வந்து வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, நீங்க போங்கப்பா, நான் நடந்து வர்றேன் என்றான் மகன். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவன் சாலையைக் கடந்துவிட்டான்.

வீட்டில் அம்மா காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் போன் செய்திருந்தார். கூடத்தில் இறக்கிய பெட்டிகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நீங்களே வாங்கிக் கொடுத்தீங்களா என்று கேட்டாள். அவர் பெட்டிகளைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார். கெஞ்சிக் கேட்டிருப்பான், இவர் மனசிளகியிருப்பார் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள்.

மகன் அரை மணி நேரம் கழித்து வந்தான். அம்மா குரலை உயர்த்தவில்லை.

“இருபத்தாறு வருஷத்துல ஒரு பேஷன்ட் வீட்டு ஆள்கிட்ட நான் ஒரு உதவி கேட்டதில்ல. ஒரே ஒரு தடவை கேட்டேன். அந்த அக்காவுக்கு ஊசி போடும்போது இனிமே நான் எங்க பார்த்துட்டுப் போடுவேன்?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“லிஃப்ட் குழிக்குள்ள இறங்குற வேலைடா அது. தூக்கக் கலக்கத்துல நீ ஒரு ஸ்விட்சை மறந்தா மேல இருக்கிறவன் செத்துருவான். அதையும் சொல்லித்தான் அவர் எடுத்தாரு. உன்னை நம்பினது என் தப்பு.”

“சரிம்மா” என்றான் மகன்.

அந்த ‘சரிம்மா’வை அப்பாவால் தாங்க முடியவில்லை. அவன் கத்தியிருந்தால், அவரைக் கைகாட்டியிருந்தால், அவர் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்றிருப்பாரோ என்னவோ. அவரே பிறகு அப்படித்தான் நினைத்தார். நினைத்து இன்னும் கூசிப்போனார்.

“அவனுக்கு இல்ல. எனக்கு” என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. அவர் லேப்டாப்பைப் பற்றி, பின்னறையைப் பற்றி, கடையில் தான் சொன்னதைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் என்று கூப்பிடுவார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.



“ஏழு மாசமா இவன் தூங்குறானான்னு கதவைத் திறந்து திறந்து பார்த்தேன்” என்றாள் அம்மா. “குளிக்கப் போனா இவன் பையைச் சோதிச்சேன். தலகாணிக்கு அடியில கையை விட்டுத் துழாவினேன். நீங்க பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு தடவை, நல்லாத் தேடு என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

அம்மா மகனின் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்ல வந்தாள். அவனை நம்பினது தப்பு என்று சொன்ன அதே வாயால் உடனே வேறு எதையும் சொல்ல அவளால் முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். உள்ளேயிருந்தே, இப்பவே போய் அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க என்றாள்.

சூப்பர்வைசர் பட்டறையில்தான் இருந்தார். எண்ணெயில் ஊறிய கம்பி வடங்கள் சுவரோரம் சுருள் சுருளாகக் கிடந்தன. அப்பாவுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வந்தது, சொல்லும்போது முன்னும் பின்னுமாக வந்தது.

சூப்பர்வைசர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் கைகளைத் துடைத்துக்கொண்டு புன்னகை செய்தார்.

“மத்தியானமே உங்க பையனுக்கு போன் போட்டுக் கேட்டேன் சார். ‘எனக்குத்தான் சார், அப்பா மேல தப்பு இல்ல’ன்னுட்டான். இப்ப நீங்க வந்து உங்களுக்குத்தான்ங்கறீங்க.”

அப்பாவுக்கு அது தெரியாது. வீட்டில் மகன் அதைச் சொல்லவே இல்லை.

“அவன் எனக்காகப் பொய் சொல்லியிருக்கான் சார்.”

“நீங்க இப்ப அவனுக்காகப் பொய் சொல்றீங்கன்னும் இருக்கலாம்ல? எனக்கும் பிள்ளைங்க இருக்கு, எனக்குப் புரியுது.” அவர் குரல் தழைந்தது. “எங்கப்பா எனக்காக ஒரு இடத்துலயும் இப்படி வந்து நின்னதில்ல. நீங்க நல்ல அப்பா சார்.”

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பார். முகத்தில் காறி உமிழ்ந்திருந்தால்கூடத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கடிதத்தை நிறுத்திவைக்கச் சொல்லி அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டதாகவும், பையன்மேல் கோபமில்லை, குழிக்குள் இறக்க மட்டும் பயமாக இருக்கிறது என்றும் சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் ஆடிக் காட்டறேன் சார்” என்றார் அப்பா.

சூப்பர்வைசர் நிறுத்தினார்.

“நீங்க வந்து பக்கத்துல உட்காருங்க. அந்த ஆட்டத்தை ஒருத்தன் ஒரே நாள்ல கத்துக்க முடியாது. பார்த்தா உங்களுக்கே தெரியும்.”

வேலை செய்துகொண்டிருந்த இரண்டு மெக்கானிக்குகள் நிமிர்ந்து பார்த்தார்கள். தலை நரைத்த ஒரு மனிதர், இஸ்திரி போட்ட சட்டையோடு, பிள்ளையின் மேலதிகாரி முன்னால் வீடியோ கேம் ஆடிக் காட்டுகிறேன் என்று கெஞ்சிக்கொண்டு நின்றார். அவர்கள் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. இந்த முறை அவர் பேச்சை மாற்றவில்லை.

சூப்பர்வைசர் ஸ்டூலை மறுபடி ஓரமாக நகர்த்தினார். சரி என்றார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைக்கு வருவதாகச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆறு மணி. பெட்டிகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன. அம்மாவும் மகனும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டறையில் நடந்ததை அப்பா சொன்னார். அவருக்கு ஒரு திருகுகூட முடுக்கத் தெரியாது. நாளைக்குள் மெஷினைப் பூட்டித் தரவேண்டும் என்று மகனிடம் கேட்டார். கேட்டுவிட்டு, மனசில் உறுத்திக்கொண்டிருந்ததையும் கேட்டார்.

“ஏன்டா அவர்கிட்ட உனக்குத்தான்னு சொன்ன?”

மகன் அம்மாவைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

“அது முழுசாப் பொய்யும் இல்லப்பா. போன மாசம் லென்ஸ் எடுக்க வெளியூர் போனீங்கல்ல, என்கிட்ட கடைச் சாவியைக் கொடுத்துட்டு. பின்னறையில லேப்டாப்பைப் பார்த்தேன். ரெண்டு நாளும் ஆடினேன்.”

எழுந்து சமையலறைப் பக்கம் போகத் திரும்பிய அம்மா அங்கேயே நின்றாள். நர்ஸாக அவள் எத்தனையோ பேரிடம் கேட்டுப் பழகிய குரலில் கேட்டாள்.

“எத்தனை மணி நேரம்?”

“முதல் நாள் நாலு மணி நேரம். ரெண்டாவது நாள் பத்து நிமிஷம்தான். போதும்னு நானே எழுந்துட்டேன்மா. அதுக்கப்புறம் தொடல.”

அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் அவன் ஜெயித்த ஒரே நாள் அதுதான். சொன்னால் முதல் நாளையும் சொல்லவேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் இதையும் சேர்த்துச் சொல்வதா, மறைப்பதா என்று அம்மா கேட்டாள்.  ஏழு மாதத்தில், போதும் என்று தானாக எழுந்த ஒரு நாளாவது தனக்கு இருக்கிறதா என்று அப்பா தேடிக்கொண்டிருந்தார். கடைவாசலில் யாராவது வந்து கூப்பிட்டால் எழுந்திருக்கிறார். யாரும் கூப்பிடாத நாளில், ஒரு நாளும் எழுந்ததில்லை.